புட்னிக்கு வராத எண்

63,53,18,657.

அறுபத்து மூன்று கோடியே ஐம்பத்து மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பத்தேழு. ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மலைப்பு ஒன்றும் இல்லை. பாலம் கட்டும் டெண்டரிலும் பட்ஜெட் செய்தியிலும் இதைவிடப் பெரிய தொகை தினம் கண்ணில் படுகிறது. ஆனால் இந்த எண்ணுக்கு ஒரு குணம் உண்டு. ஒன்றில் தொடங்கி வரிசையாக எண்ணிக்கொண்டே வந்தால், அந்தக் குணத்தோடு எதிரே வந்து நிற்கும் முதல் எண் இதுதான். இதற்கு முன்னால் இருக்கும் அறுபத்து மூன்று கோடிச் சொச்சம் எண்களில் ஒன்றுக்குக்கூட அது வாய்க்கவில்லை.

ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வர்க்கம். இன்னொரு முறை பெருக்கினால் கனம். மேலும் ஒரு முறை பெருக்கினால் நான்காம் அடுக்கு. 133-இன் நான்காம் அடுக்கையும் 134-இன் நான்காம் அடுக்கையும் கூட்டினால் மேலே எழுதிய எண் வருகிறது. 59, 158 ஆகியவற்றின் நான்காம் அடுக்குகளைக் கூட்டினாலும் அதே எண்தான் வருகிறது. திருக்குறளின் அதிகாரங்கள் எத்தனையோ அந்த எண்ணும், அதற்கு அடுத்த எண்ணும் ஒரு ஜோடி; 59, 158 இன்னொரு ஜோடி. இரண்டு நான்காம் அடுக்குகளின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுத முடிகிற மிகச்சிறிய எண் இது.

இதன் வரலாற்றை எழுதவேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. 1729-இன் கதையை ஊரே சொல்கிறது. பள்ளி ஆண்டுவிழாவில் சொல்கிறார்கள், ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22 வந்தால் பத்திரிகைகள் எல்லாம் சொல்கின்றன. அந்தக் கதைக்கு ஒரு பின்பாதி இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. அங்கேதான் இந்த எண் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

முன்பாதி தெரிந்ததுதான். லண்டனில் புட்னி என்ற இடத்தில் கணித மேதை ராமானுஜன் நோயில் படுத்திருக்கிறார். பார்க்க வந்த கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி, தான் ஏறிவந்த வாடகைக் காரின் எண் 1729 என்றும், அதில் விசேஷம் ஒன்றும் தெரியவில்லை, கெட்ட சகுனமாக இல்லாவிட்டால் சரி என்றும் சொல்கிறார். இல்லை, அது நல்ல சுவாரசியமான எண் என்கிறார் ராமானுஜன். இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுத முடிகிற மிகச்சிறிய எண் அது. பத்தின் கனம் 1000, ஒன்பதின் கனம் 729. பன்னிரண்டின் கனம் 1728, ஒன்றின் கனம் 1. எங்கள் திருவண்ணாமலை ஊர்க்காரர்களுக்கு இதில் பாதியை எளிதாகச் சொல்லிவிடலாம்: அண்ணாமலையார் கோயிலில் ஆயிரங்கால் மண்டபம் இருக்கிறது, அது பத்தின் கனம்.

இதற்குப் பிறகு ஹார்டி ஒன்று கேட்டார். கணக்குத் தெரிந்த யாரும் அந்த இடத்தில் அதைத்தான் கேட்பார்கள். கனத்துக்கு இது என்றால், நான்காம் அடுக்குக்கு எது? ராமானுஜன் சற்று யோசித்தார். சட்டென்று கண்ணில் படுகிற உதாரணம் ஒன்றும் இல்லை, முதல் எண்ணே மிகப் பெரியதாகத்தான் இருக்க வேண்டும் என்று பதில் சொன்னார். ராமானுஜன் மறைந்த பிறகு எழுதிய நினைவுக் கட்டுரையில் ஹார்டியே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

தெரியாது என்பதை அவர் எவ்வளவு நேர்த்தியாகச் சொல்லியிருக்கிறார் என்பதை நினைத்து நினைத்து வியக்கிறேன். 1729-ஐத் தேட வேண்டுமானால் 1 முதல் 12 வரை உள்ள எண்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்தால் போதும். மொத்தம் 78 ஜோடி. ஒரு சாயங்காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து முடித்துவிடலாம். நான்காம் அடுக்குக்கு 1 முதல் 158 வரை போக வேண்டும். 158-இன் பாதியை 159-ஆல் பெருக்குங்கள்: 12,561 ஜோடி. பெரும்பாலான ஜோடிகளுக்கு எட்டு இலக்கம், ஒன்பது இலக்கம் என்று கூட்டல். கூட்டியதை எல்லாம் வரிசைப்படுத்தி, எங்காவது ஒரே எண் இரண்டு முறை வருகிறதா என்று பார்க்க வேண்டும். படுக்கையில் இருக்கிற மனிதர், கையில் பலகையோ பென்சிலோ இல்லாமல், சில நொடிகளில் அதன் பருமனை மட்டும் மோந்து பார்த்துச் சொல்லிவிட்டார். மிகப் பெரியது என்றார். ஒன்பது இலக்கம்.

1729 அவருக்கு அந்த நிமிடத்தில் தோன்றியது என்று நம் பேச்சாளர்கள் சொல்வது சரியில்லை. 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுத்த ராமானுஜனின் தாள்களில் ஒரு பக்கம் இருக்கிறது. இரண்டு கனங்களின் கூட்டல் இன்னொரு கனத்தை ஒன்றே ஒன்றில் தவறவிடும் கணக்குகளை வரிசையாக உண்டாக்க அதில் ஒரு முறை எழுதியிருக்கிறார். 135, 138 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினால் 172-இன் கனத்துக்கு ஒன்று குறைகிறது. 9, 10 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினால் 12-இன் கனத்துக்கு ஒன்று கூடுகிறது. அந்தக் கடைசி வரிதான் 1729. கனங்களின் தெருவில் அவர் வருஷக்கணக்காக நடந்திருக்கிறார், அங்கே ஒவ்வொரு வீடும் தெரியும். நான்காம் அடுக்கின் தெருவில் அந்த வீட்டு வாசல் வரை அவர் போனதில்லை.

அந்த வாசல் வரை நான் போய் வந்தேன், கையாலேயே. கால்குலேட்டரில் தட்டினால் விடை வந்துவிடும், ஆனால் எண்ணோடு பழக்கம் வராது. ஒரு பௌர்ணமி அன்று, ஊர் முழுவதும் கிரிவலக் கூட்டம், வெளியே கால் வைக்க இடமில்லை. வீட்டிலேயே கோடு போட்ட நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் எதிர்வீட்டுப் பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

133-ஐ 133-ஆல் பெருக்கினால் 17,689. அதை அதனாலேயே பெருக்க வேண்டும். ஐந்து வரி, கீழே கூட்டல். 31,28,00,721 என்று எழுதினேன்.

"தாத்தா, இது சரியா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

என் அப்பா நெல் மண்டியில் கணக்கு எழுதியவர். அவர் சொல்லிக்கொடுத்த ஒன்பது தள்ளும் வழியை அவளுக்குச் சொன்னேன். எண்ணின் இலக்கங்களைக் கூட்டு, ஒன்பது ஒன்பதாகத் தள்ளு, மீதியை மட்டும் வை. 133-க்கு மீதி 7. ஏழேழு நாற்பத்தொன்பது, தள்ளினால் 4. அது 17,689-க்கு உரிய மீதி. நாநான்கு பதினாறு, தள்ளினால் 7. ஆக என் விடைக்கும் 7 மீதி வர வேண்டும். அவள் கூட்டினாள். 24, தள்ளினால் 6.

"ஒண்ணு குறையுது தாத்தா. எங்கயோ மிச்சத்தைச் சேர்க்காம விட்டுட்டீங்க."

மேலே போன மிச்சம் ஒன்றைச் சேர்க்க மறந்திருந்தேன். சரியான விடை 31,29,00,721. இலக்கம் இடம் மாறிப் போனால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது, ஆனால் மிச்சம் விட்டுப்போனதைப் பிடித்துவிடும். மண்டியில் நடப்பது பெரும்பாலும் அந்தத் தப்புதான். பிறகு அவளே பென்சிலை வாங்கிக்கொண்டாள். 134-க்கு 32,24,17,936. இரண்டையும் கூட்டி 63,53,18,657 என்று எழுதி அடியில் இரட்டைக் கோடு இழுத்தாள். அடுத்த பக்கம் 59-க்கு 1,21,17,361. 158-க்கு 62,32,01,296. கூட்டிக்கொண்டே வந்தவள் கடைசி மூன்று இலக்கம் 657 என்று வந்ததும் நிறுத்திவிட்டுப் பக்கத்தைத் திருப்பி மேலே பார்த்தாள். மீண்டும் திருப்பி மிச்சத்தை முடித்தாள். அந்தத் திருப்பலை நான் மறக்கமாட்டேன்.

இரண்டு ஜோடியும் எப்படி ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன? அதிர்ஷ்டம் என்று விட்டுவிட மனம் ஒப்பவில்லை. உள்ளே பிரித்துப் பார்த்தால் ஒரு குடும்பக் கதை தெரிகிறது. 158-இன் நான்காம் அடுக்கிலிருந்து 133-இன் நான்காம் அடுக்கைக் கழியுங்கள். 134-இன் நான்காம் அடுக்கிலிருந்து 59-இன் நான்காம் அடுக்கைக் கழியுங்கள். இரண்டும் சமமாக வர வேண்டும்; 31,03,00,575 என்று வருகிறது. நான்காம் அடுக்குகளின் கழித்தலை மூன்று காரணிகளாக உடைக்கலாம் என்று பள்ளியில் படித்திருக்கிறோம்: எண்களின் வித்தியாசம், எண்களின் கூட்டல், வர்க்கங்களின் கூட்டல். முதல் வீட்டில் அவை 25, 291, 42,653. இரண்டாவது வீட்டில் 75, 193, 21,437. பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒட்டு உறவே இல்லாத எண்கள். இன்னும் உடையுங்கள். 291 என்பது மூன்று தொண்ணூற்றேழு. 42,653 என்பது பதின்மூன்று, பதினேழு, நூற்றுத் தொண்ணூற்று மூன்று ஆகியவற்றின் பெருக்கல். இரண்டாவது வீட்டில் 75 என்பது மூன்று இருபத்தைந்து. 21,437 என்பது பதின்மூன்று, பதினேழு, தொண்ணூற்றேழு ஆகியவற்றின் பெருக்கல்.

இரண்டு வீட்டிலும் இருப்பது அதே ஆட்கள். 97 இங்கே கூட்டலுக்குள் இருக்கிறது, அங்கே வர்க்கக் கூட்டலுக்குள் போயிருக்கிறது. 193 இங்கே வர்க்கக் கூட்டலுக்குள், அங்கே கூட்டலாகத் தானே நிற்கிறது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம் போல இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. நடுவில் ஒரு 3, கூட்டலிலிருந்து வித்தியாசத்துக்கு மாறியிருக்கிறது. இவ்வளவு துல்லியமாக இடம் மாறினால்தான் சமன்பாடு நிற்கும். இத்தனையும் பொருந்தி வருகிற முதல் இடத்துக்குப் போக அறுபத்து மூன்று கோடி வரை நடக்க வேண்டியிருக்கிறது.

முழு எண்ணையும் உடைத்தால் நான்கு பகா எண்கள் கிடைக்கின்றன: 41, 113, 241, 569. ஒவ்வொன்றையும் எட்டால் வகுத்துப் பாருங்கள், மீதி ஒன்றுதான். இதற்குக் காரணம் உண்டு. பொதுக் காரணி இல்லாத இரண்டு எண்களின் நான்காம் அடுக்குகளைக் கூட்டி வருகிற எண்ணை ஓர் ஒற்றைப் பகா எண் மீதியின்றி வகுக்கிறது என்றால், அந்தப் பகா எண்ணை வைத்து மீதிக் கணக்குப் போடும்போது முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்த ஈவின் நான்காம் அடுக்கு மைனஸ் ஒன்றாகிறது. எட்டாம் அடுக்குக்குப் போனால்தான் ஒன்றுக்குத் திரும்புகிறது. எட்டடி வைத்துத் திரும்புகிற சுற்று அந்தப் பகா எண்ணின் உலகத்துக்குள் அடங்க வேண்டுமானால், பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் எட்டால் வகுபட வேண்டும். 3, 5, 7, 11, 13 என்ற பழக்கமான பகா எண்கள் எதுவும் இந்த எண்ணின் வாசலில் கால் வைக்க முடியாது. எட்டின் மடங்குக்கு அடுத்து நிற்கும் பகா எண்களுக்கு மட்டும் இங்கே இடம் உண்டு.

இந்த எண் ராமானுஜனுக்கு நூறாண்டுக்கு முன்பே உலகத்துக்கு வந்துவிட்டது. கொண்டுவந்தவர் லியோனார்டு ஆய்லர். சுவிட்சர்லாந்தில் பாசெல் நகரத்தில் பிறந்தவர், 1766-இல் இரண்டாம் முறையாக ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்குக்குப் போய் 1783-இல் அங்கேயே இறந்தார். அந்தக் கடைசிக் காலத்தில் கண்பார்வை கிட்டத்தட்ட முழுதும் போய்விட்டது. மனத்தில் கணக்கைப் போட்டு வாயால் சொல்வார், மகனும் உதவியாளர்களும் எழுதிக்கொள்வார்கள். இரண்டு நான்காம் அடுக்குகளைக் கூட்டி இன்னொரு நான்காம் அடுக்கு வரவே வராது என்று ஃபெர்மா முன்பே நிறுவியிருந்தார். அப்படியானால் இரண்டின் கூட்டல் வேறு இரண்டின் கூட்டலுக்காவது சமமாகுமா என்று கேட்டவர் ஆய்லர். ஜோடி ஜோடியாகக் கூட்டிப் பார்க்கிற வழியில் அவர் போகவில்லை. மேலே சொன்ன மாதிரி கழித்தலாக மாற்றி, காரணிகளாக உடைத்து, எந்தெந்தக் காரணி எங்கெங்கே போய் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் சமமாகும் என்று குறியீடுகளால் வழி கண்டார். அந்த வழியில் வந்தவைதான் 158, 59, 134, 133. பார்வை இல்லாத ஒருவர் 12,561 ஜோடிகளையும் தாண்டி நேராக அந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறார். அதைவிடச் சிறியது கிடையாது என்ற நிரூபணம் மட்டும் அப்போது இல்லை.

ஆக, புட்னியில் ஹார்டி அந்தக் கேள்வியைக் கேட்ட நேரத்தில் விடை ஐரோப்பாவில் எங்கோ ஒரு நூலகத்து அலமாரியில் லத்தீன் மொழியில் இருந்தது. கேட்டவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர். பதில் சொன்னவர் எண்களோடு அவ்வளவு நெருங்கிப் பழகிய மனிதர். இருவருக்கும் நடுவில் அந்த நேரத்தில் அது வந்து சேரவில்லை. எனக்கு இது மனத்தில் தைக்கிறது. அந்த எண்ணைப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டிருக்கக்கூடிய ஆளிடம் அது போகவில்லை.

எண்கள் தாமாக நடந்து வருவதில்லை. யாராவது கையைப் பிடித்து அழைத்து வர வேண்டும். மனிதர்களுக்கும் அப்படித்தான். எங்கள் ஊர் ஸ்டேஷனில் விழுப்புரம் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் திருக்கோவிலூர் வந்துவிடும். தென்பெண்ணைக் கரை, உலகளந்த பெருமாள் கோயில். 1896-இல் மதுரையிலிருந்து புறப்பட்டு வந்த பதினாறு வயதுப் பையன் வெங்கடராமன், திருக்கோவிலூரை அடுத்த கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்து நான்கு ரூபாய் வாங்கிக்கொண்டு, ரயிலேறித் திருவண்ணாமலைக்கு வந்தார். ரமண மகரிஷி ஆனார். 1910-இல் இன்னொரு இளைஞர் அதே திருக்கோவிலூருக்கு வந்தார். கையில் கடுக்கன் எதுவும் இல்லை, நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. கல்லூரித் தேர்வில் தேறாதவர், வேலை இல்லாதவர், கல்யாணம் ஆனவர். வயது இருபத்திரண்டு.

திருக்கோவிலூரில் அப்போது டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். 1907-இல் இந்தியக் கணிதச் சங்கத்தை ஆரம்பித்தவர் அவர்தான். ராமானுஜன் அவரிடம் குமாஸ்தா வேலை கேட்கத்தான் போனார். ராமசாமி ஐயர் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டினார். இந்த மனிதனைத் தாலுகா ஆபீஸில் அடிமட்ட வேலையில் உட்கார வைத்து அவன் திறமையைப் புதைக்கத் தனக்கு மனம் வரவில்லை என்று பின்னாளில் சொன்னார். கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அங்கிருந்து பி.வி. சேஷு ஐயர், அவரிடமிருந்து நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் என்று கை மாறிக் கை மாறி, 1911-இல் கணிதச் சங்கத்தின் பத்திரிகையில் பெர்னூலி எண்கள் பற்றிய முதல் ஆய்வுக் கட்டுரை. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதம் ஹார்டிக்கு. 1914 மார்ச் 17 கப்பல். வேலை கொடுக்க மறுத்து ஒருவரை வாழ வைத்த இடம் திருக்கோவிலூர். அந்த ஸ்டேஷனைத் தாண்டும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறேன்.

ராமானுஜனுக்கு இப்படி நான்கு பேர் வரிசையாகக் கை கொடுத்தார்கள். புத்தகங்கள் விஷயத்தில் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. கும்பகோணத்தில் அவர் கைக்கு வந்தது ஜார்ஜ் ஷூப்ரிட்ஜ் கார் தொகுத்த சூத்திரப் புத்தகம், அதுவும் இரவல். இரண்டு அடுக்குகளின் கூட்டல், மூன்றின் கூட்டல், யார் எப்போது எந்த விடையைக் கண்டார் என்று நூற்றாண்டுக் கணக்கான செய்திகளை ஒன்றுவிடாமல் திரட்டி அமெரிக்கர் லெனர்டு டிக்சன் ஒரு வரலாறு எழுதினார். ஆய்லரின் நான்காம் அடுக்குக் கணக்குகளும் அதன் இரண்டாம் பாகத்தில் இருக்கின்றன. அந்த இரண்டாம் பாகம் வெளிவந்த வருஷம் 1920. ராமானுஜன் சென்னையில் இறந்தது 1920 ஏப்ரல் 26.

எண் பிறகு ஹார்டியிடம் வந்து சேர்ந்தது. அவரும் ரைட் என்பவரும் சேர்ந்து எழுதி 1938-இல் முதலில் வெளிவந்து இன்றும் மாணவர்கள் படிக்கிற எண் கோட்பாட்டுப் புத்தகத்தில் அதற்கு இடம் உண்டு. 1957-இல் ஜான் லீச் என்ற ஆங்கிலேயர், இதைவிடச் சிறியது இல்லை என்று காட்டினார். புட்னியில் கேட்ட கேள்விக்கு முழு விடை கிடைத்தது அந்த வருஷம்தான் என்பேன். ஹார்டி அதற்குப் பத்தாண்டுக்கு முன் காலமாகிவிட்டார். அதே கட்டுரையில் லீச் இன்னொன்றும் கொடுத்தார். இரண்டு கனங்களின் கூட்டலாக மூன்று விதத்தில் எழுதக்கூடிய மிகச்சிறிய எண் 8,75,39,319. இது 1729-க்கு அடுத்த தலைமுறை.

நான்காம் அடுக்கில் அடுத்த தலைமுறை இன்னும் பிறக்கவில்லை. மூன்று விதத்தில் எழுத முடிகிற எண் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. கணினிகள் மிகப் பெரிய எல்லை வரை தேடிவிட்டன. கிடையவே கிடையாது என்று யாரும் நிரூபிக்கவும் இல்லை. ஐந்தாம் அடுக்கில் இரண்டு விதமே கிடைக்கவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, "அப்ப இன்னும் யாருமே பாக்காத எண் அது" என்றாள். அப்படித்தான்.

எங்கள் ஊரில் எண்களுக்குப் பஞ்சம் இல்லை. கிரிவலம் 14 கிலோமீட்டர், வழியில் எட்டு லிங்கம், ராஜகோபுரம் பதினொரு நிலை, உயரம் 217 அடி. அண்ணாமலையின் உயரம் 2,668 அடி என்று அச்சிடுகிறார்கள். எண்ணை வைத்து ஜாதகம் சொல்கிறவர்களும் இங்கே நிறைய. அவர்கள் எண்ணிடம் கேட்பது நமக்கு என்ன நடக்கும் என்று. எண்ணிடம் அதைப் பற்றியே கேட்டால் அது வேறு விதமாகப் பேசுகிறது, அந்தப் பேச்சில் பொய் கிடையாது.

அந்தப் பௌர்ணமி அன்று நோட்டில் இன்னும் இடம் இருந்தது. எதிர்வீட்டுப் பெண்ணிடம் கோபுரத்தின் உயரத்தை எழுதச் சொன்னேன். 217. ஆறின் கனம் 216, ஒன்றின் கனம் 1, கூட்டினால் 217. ஒன்பதின் கனம் 729, எட்டின் கனம் 512, கழித்தால் 217. கழித்தலையும் சேர்த்துக்கொண்டால் ராஜகோபுரம் 1729-இன் சொந்தக்காரர். கிருஷ்ணதேவராயர் தொடங்கித் தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்த கோபுரம் அது; கட்டியவர்கள் இங்கிலீஷ் அடியில் அளக்கவில்லை, அந்த அடிக் கணக்கு வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. ஆகவே இது தற்செயல்தான், இதில் ரகசியம் ஏதும் இல்லை. ஆனாலும் அந்தப் பெண் ஜன்னல் வழியாகக் கோபுரத்தை ஒரு முறை பார்த்தாள்.

"மலையும் அப்படி வருமா தாத்தா?"

2,668. இலக்கங்களைக் கூட்டினால் 22, ஒன்பது தள்ளினால் 4. அவளே தள்ளினாள். எந்த எண்ணின் கனத்தை எடுத்து ஒன்பது தள்ளினாலும் மீதி 0, 1, 8 இந்த மூன்றில் ஒன்றுதான். 1 முதல் 9 வரை போட்டுப் பார்த்து அவளே உறுதி செய்துகொண்டாள். 8 என்பது ஒன்பதுக்கு ஒன்று குறை, அதாவது மைனஸ் ஒன்று. அப்படியானால் இரண்டு கனங்களைக் கூட்டினாலும் கழித்தாலும் மீதி 4 வராது. மூன்றை எடுத்துக்கொண்டாலும் கூட்டிக் கழித்து மூன்று வரைதான் எட்டும், 4 வராது. எத்தனை பெரிய எண்களைக் கொண்டுவந்தாலும் மூன்று கனங்களுக்குள் இந்த மலை அடங்காது. அதற்குத் தேடலே வேண்டாம், ஒன்பது தள்ளினதிலேயே தெரிந்துவிடுகிறது.

"நாலு கனம் இருந்தா?"

நான் சொல்லவில்லை. பதின்மூன்றின் கனம் 2,197 என்று அவள் எழுதி, கழித்து, 471 என்று மீதியை வைத்துக்கொண்டு நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வெளியே கிரிவலக் கூட்டம் குறைய ஆரம்பித்திருந்தது. ஏழின் கனத்தைக் கழித்தாள், 128. அதைப் பார்த்ததும் பென்சில் நின்றது, பிறகு வேகமாக ஓடியது. 13, 7, 4, 4 என்று பக்கத்தின் அடியில் எழுதி, கூட்டிப் பார்த்து, இரட்டைக் கோடு இழுத்தாள்.